பெரட்டுக்கு நேரமாச்சு: சோலிஃபெனாசின் சாப்பிட்டு வந்த ஒரு பாட்டியின் நிகழ்வு ஆய்வு

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மலேசியாவின் பெராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் கூட்டம் குறைந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து, பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு பாக்கெட் கேட்டார். பணத்தை எடுத்தபடியே, "அக்கா, எங்க அத்தை மூத்திரம் அடக்குற மாத்திரை ஒண்ணு சாப்பிடுறாங்க. இப்ப அது கேக்க மாட்டேங்குது. நாள் பூரா சொட்டுச் சொட்டா வருது. ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு குடுக்கலாமா?" என்றார்.

"கடைசியா ஒரே மூச்சுல நல்லாப் போனது எப்போ?" என்று கேட்டேன்.

யோசித்தார். "நல்லான்னா... வியாழக்கிழமையோ என்னவோ. வயித்தாலயும் அஞ்சு நாளா போகல."

டயப்பரைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு அவரோடு வெளியே போனேன். பாட்டி காரில்தான் இருந்தார்.

இதில் வரும் குடும்பத்தினர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து, அளவு, நாள் எதையும் மாற்றவில்லை.

காரில் கண்டது

வயது 71. டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குடும்பம் டவுன் பக்கம் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, மாறியது. பாட்டியை எனக்கு நன்றாகவே தெரியும். வாய் ஓயாமல் பேசுவார். அன்றைக்குப் பேச நாக்கு எழவில்லை. உதடு வெடித்திருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. கடை வெளிச்சம் முகத்தில் அடித்தும் கண்ணின் பாவை விரிந்தே இருந்தது. நெற்றியில் கை வைத்தால் சூடு, ஆனால் ஒரு பொட்டு வேர்வை இல்லை. பெராக் வெயிலில் கதவைச் சாத்திய காரில் உட்கார்ந்திருந்தவருக்கு வேர்க்கவில்லை என்பதே எனக்குப் போதுமான செய்தி. நாடி நிமிடத்துக்கு 112. ரத்த அழுத்தம் 158/84.

மடியில் கிடந்த துண்டை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி நீளமாக எதையோ உரித்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று மருமகளிடம் கேட்டேன். "ஒட்டுப்பால் எடுக்குறாங்களாம், அக்கா." வெட்டுக்கோட்டில் காய்ந்து பிடித்த பாலை இழுத்து உரிக்கும் அதே கை அசைவு. முந்தின இரவு மூன்று மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, என் விளக்கு எங்க?" என்று வீடு பூராவும் தேடியிருக்கிறார். விடியுமுன் தோட்டத்து ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. அதை எடுத்த தண்டலும் (மேற்பார்வையாளர்) இன்று இல்லை, அந்தத் தோட்டமும் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். மகன் வயசு மறதி என்றார். இன்னொருவர் காத்து கருப்பு என்றார். பக்கத்து வீட்டு அம்மா மட்டும், "ஊமத்தங்காய் தின்னவ மாதிரில்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மூன்று பேரில் அவர்தான் சரியாகச் சொன்னவர்.

கைப்பையில் இருந்தவை

மருமகளின் கைப்பையில் மருந்துகள் அத்தனையும் இருந்தன. பெரும்பாலான வீடுகளில் இப்படிக் கிடைப்பதில்லை.

அரசு கிளினிக்கில் மாதாமாதம் வாங்குவது: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி., கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து பதினாறு வருஷம். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ரொம்ப மோசமில்லை.

ஈப்போவில் ஒரு தனியார் நிபுணர் எழுதியது: சோலிஃபெனாசின் 5 மி.கி., தினம் ஒன்று. எட்டு மாதமாக. அவசரமாக மூத்திரம் முட்டுவது, பாத்ரூம் போவதற்குள் நனைந்துவிடுவது, இரவில் ஐந்தாறு தடவை எழுவது என்ற தொல்லைக்காக. மாத்திரை நன்றாகவே கேட்டது. இரவு எழுவது இரண்டாகக் குறைந்ததாம். ஆனால் இந்த மாத்திரை அரசு கிளினிக் புத்தகத்தில் ஏறவில்லை. வேறு இடத்து மருந்துக்கு அங்கே என்ன வேலை என்று பாட்டி நினைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை இருமல், சளி என்று டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனபோது காட்டியதும் அந்தப் புத்தகத்தைத்தான். அங்கே கொடுத்தது: கிருமியைக் கொல்லும் கிளாரித்ரோமைசின் 500 மி.கி. இரண்டு வேளை ஏழு நாளுக்கு, குளோர்ஃபெனிரமின் 4 மி.கி. மூன்று வேளை, டைஃபென்ஹைட்ரமின் கலந்த இருமல் மருந்து 10 மி.லி. மூன்று வேளை, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். நம் நாட்டில் கிளினிக்கிலேயே மருந்தும் தந்துவிடுவார்கள். நடுவில் இன்னொரு கண் பார்ப்பதில்லை.

கைப்பையின் அடியில் ஒரு பொட்டலம் அசாம் போய், அதாவது உப்பும் சீனியும் ஊறிய காய்ந்த பிளம் பழம், கிடந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, "சிறுநீர் அடைப்பு, மருந்தால் வந்த மனக்குழப்பம் என்று சந்தேகம்" என்று மேலே குறித்து, நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். டயப்பர் விற்கவில்லை.

ஆஸ்பத்திரியில்

குழாய் போட்டதும் 1,100 மி.லி. சிறுநீர் வந்தது. வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400, 500 மி.லி.க்கே அடம்பிடிக்கும். சொட்டுச் சொட்டாக வந்தது, பை நிரம்பி வழிந்த சிறுநீர். தொட்டி நிரம்பி விளிம்பில் கசிவதைப் பார்த்து, குழாய் இன்னும் இறுக்கிச் சாத்தவில்லை என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இரண்டு மாத்திரை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

நுரையீரல் படத்தில் நிமோனியா இல்லை. சோடியம், பொட்டாசியம் சரி. சர்க்கரை லிட்டருக்கு 11.4 மில்லிமோல். சிறுநீரில் கிருமி இல்லை. பக்கவாதத்துக்கான அறிகுறியும் இல்லை. குடல் நிறைய மலம் தங்கியிருந்தது. ஈசிஜியில் கியூடி இடைவெளி (இதயம் ஒரு துடிப்புக்குப் பிறகு அடுத்ததற்குத் தயாராகும் நேரம்) லேசாக நீண்டிருந்தது. சோலிஃபெனாசின், கிளாரித்ரோமைசின் இரண்டுமே அதை நீட்டக்கூடியவை என்பதால் ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். தசை நொதி அளவும் பார்த்தார்கள். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் சேரவே கூடாது, தசை அழிந்து சிறுநீரகம் வரை போகலாம். நல்லவேளையாக அது சரியாக இருந்தது. இந்த ஜோடியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

சோலிஃபெனாசின், கிளாரித்ரோமைசின், குளோர்ஃபெனிரமின், இருமல் மருந்து நான்கையும் நிறுத்தினார்கள். எனிமா கொடுத்து, மலமிளக்கியான லாக்டுலோஸைத் தொடர்ந்தார்கள். மனக்குழப்பத்துக்கென்று தனி மருந்து எதுவும் தரவில்லை. வெளிச்சம், மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் மகள்.

ஊமத்தையும் சோலிஃபெனாசினும்

பக்கத்து வீட்டு அம்மா சொன்னதில் இருந்தே தொடங்கலாம். ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற சரக்குகள் இருக்கின்றன. நம் உடம்பில் நரம்பு நுனிகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிட்டுத்தான் எச்சிலைச் சுரக்க வைக்கின்றன, குடலை நகர்த்துகின்றன, கண்ணின் பாவையைச் சுருக்குகின்றன, சிறுநீர்ப்பையைப் பிழிகின்றன. அந்தப் பொருள் போய் உட்காரும் இருக்கைகளில் ஒரு வகைக்கு மஸ்கரினிக் ஏற்பி என்று பெயர். அமனிடா என்ற காளானின் மஸ்கரின் விஷம் அதே இருக்கையில் உட்காரும் என்பதால் வந்த பெயர். மஸ்கரின் போலச் செயல்படுவது, நிக்கோட்டின் போலச் செயல்படுவது என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் ஹென்றி டேல், 1914இல். அட்ரோபின் செய்வது, இருக்கையில் முதலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது. ஊமத்தை தின்றவருக்கு வாய் காய்வதும், கண் விரிவதும், வேர்வை நிற்பதும், பிதற்றுவதும் இதனால்தான்.

மஸ்கரினிக் ஏற்பியில் ஐந்து வகை உண்டு, எம்1 முதல் எம்5 வரை. அட்ரோபினுக்கு ஐந்தும் ஒன்றுதான். எம்1 மூளையில் நினைவோடு தொடர்புடையது, எச்சில் சுரப்பியிலும் இருக்கிறது. எம்2 இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவது. எம்3 சுரப்பிகளிலும், குடலின் தசையிலும், கண்ணின் குவியத்தைச் சரிசெய்யும் தசையிலும், சிறுநீர்ப்பைச் சுவரிலும் இருப்பது. சிறுநீர்ப்பையில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணிக்கையில் அங்கே எம்2தான் அதிகம். ஆனால் பையைச் சுருக்கும் வேலையில் பெரும்பங்கு எம்3க்கு. எம்3 தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், தசை சுருங்கும்.

அப்படியானால் எம்3ஐ மட்டும் அடைத்தால் போதுமே என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் சோலிஃபெனாசினும் டாரிஃபெனாசினும். ஜப்பானின் யமனௌச்சி நிறுவனம் உருவாக்கிய சோலிஃபெனாசின் வெசிகேர் என்ற பெயரில் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எம்3இல் இறுக்கமாகவும், எம்2இல் அதைவிட வெகு தளர்வாகவும் ஒட்டும். எம்1ஐப் பொறுத்தவரை வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. டாரிஃபெனாசின் இந்த விஷயத்தில் இன்னும் கறாரானது.

"தேர்ந்து அடைக்கும் மருந்து" என்ற பெயரில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மருந்து தேர்ந்தெடுப்பது ஏற்பியின் வகையை. உறுப்பை அது தேர்ந்தெடுப்பதில்லை. சிறுநீர்ப்பையில் இருக்கும் அதே எம்3தான் எச்சில் சுரப்பியிலும் குடலிலும் கண்ணிலும் இருக்கிறது. பைக்குக் கொடுத்தது வாய்க்கும் போகத்தான் செய்யும். வெசிகேருக்காக நடந்த சோதனைகளில் வாய் வறண்டவர்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.2 சதவீதம், 5 மி.கி. எடுத்தவர்களில் 10.9, 10 மி.கி. எடுத்தவர்களில் 27.6. மலச்சிக்கல் முறையே 2.9, 5.4, 13.4. அளவை இரட்டித்தால் தொல்லை இரட்டிப்புக்கும் மேலே போகிறது.

இன்னொன்று, எந்தத் தேர்வும் அளவைப் பொறுத்தது. ரத்தத்தில் மருந்து ஏற ஏற, தளர்வாக ஒட்டும் இடங்களிலும் போய் ஒட்டும். பக்கத்தில் தேர்வே தெரியாத இரண்டு மருந்துகள் உட்கார்ந்துவிட்டால் பேச்சே வேண்டாம். குளோர்ஃபெனிரமினும் டைஃபென்ஹைட்ரமினும் அலர்ஜி மருந்து என்ற பெயரில் வருகின்றன, ஆனால் மஸ்கரினிக் ஏற்பிகளையும் அடைக்கும், மூளைக்குள்ளும் எளிதாக நுழையும். பாட்டியின் நாடி 112க்கு ஏறியதும், ஒட்டுப்பால் உரித்ததும் எம்3ஐக் குறிவைத்த மருந்தின் கைவரிசை மட்டும் என்று நான் நம்பவில்லை.

கணக்கு உதைக்கும் இடம்

நிகழ்வைக் கேட்ட சக மருந்தாளர்கள் உடனே கைகாட்டியது கிளாரித்ரோமைசினை. காரணம் இருக்கிறது. சோலிஃபெனாசினை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஈரலில் இருக்கும் சிப்3ஏ4 என்ற நொதி. அதைக் கிளாரித்ரோமைசின் பலமாக முடக்கும். அதே நொதியை முடக்கும் கீட்டோகோனசோல் 200 மி.கி. கொடுத்துப் பார்த்ததில், உடம்பு சந்திக்கும் சோலிஃபெனாசின் அளவு இரண்டு மடங்கானது. இந்த மாதிரி மருந்துகளோடு சேர்ந்தால் சோலிஃபெனாசின் 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது அதனால்தான். கவனியுங்கள், பாட்டி எடுத்தது 5 மி.கி.தான். விதிப்படி அவர் வரம்புக்குள்ளேயே இருந்தார்.

ஆனால் எல்லாப் பழியையும் கிளாரித்ரோமைசின் மேல் போட்டால் கணக்கு உதைக்கிறது. சோலிஃபெனாசினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 45 முதல் 68 மணி, வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளும். 55 மணி என்றே வைப்போம். வெளியேற்றம் பாதியானால் அரை ஆயுள் 110 மணியாகும். அப்படியானால் இரத்தத்தில் அளவு ஒரே நாளில் இரட்டிப்பாகாது, மெல்லத்தான் ஏறும். இரண்டு நாளில் கால் பங்கு கூடும். ஆறு நாளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, கொஞ்சம் மேலே. இது காகிதக் கணக்கு, பாட்டியின் ரத்தத்தில் யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் மருமகள் சொன்னபடி, மலம் நின்றதும் வாய் ஒட்டியதும் திங்கட்கிழமை மருந்து தொடங்கிய உடனே. வீட்டில் நாள்காட்டித் தாளைத் தினம் கிழித்து ராசிபலன் படிப்பவர் பாட்டி. அந்தத் தாள் செவ்வாயோடு நின்றிருந்தது. எழுத்து மங்குகிறது என்றாராம். அவ்வளவு சீக்கிரம் கால் பங்கு கூடுதலால் இவ்வளவும் வராது.

என் தீர்ப்பு இது. முதல் அடி அந்த இரண்டு அலர்ஜி மருந்துகளும் சேர்ந்து அடித்தது. எட்டு மாதமாக சோலிஃபெனாசின் அடைத்து வைத்திருந்த ஏற்பிகளின் மேல் அவை வந்து விழுந்தன. கிளாரித்ரோமைசின் பின்னால் இருந்து தள்ளியது. அடியில் இன்னொன்றும் இருந்திருக்கலாம்: பதினாறு வருஷ இனிப்பு நீரில் பையின் நரம்புகள் மரத்து, பிழியும் பலம் முன்பே குறைந்திருக்கலாம். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று சோலிஃபெனாசின் தொடங்கும்போது ஸ்கேன் எடுத்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லை. எடுத்திருந்தால் இது ஊகமாக இருந்திருக்காது.

அரை ஆயுளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிறுத்திய மாத்திரை அன்றே போய்விடாது. ஐந்து அரை ஆயுள் என்று கணக்குப் போட்டால் முழுதாகக் கழிய ஒன்பது முதல் பதினான்கு நாள். பாட்டிக்குப் பேச்சு மூன்றாம் நாள் தெளிந்தது, அலர்ஜி மருந்துகள் வெளியேறியதோடு பொருந்துகிறது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீர் போகவில்லை. மறுபடி போட்டார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. பதின்மூன்றாம் நாள் எடுத்தபோது சிறுநீர் தானாகப் போனது. பையில் மிச்சம் 90 மி.லி. அவசரப்பட்டு ஐந்தாம் நாளே "இனி குழாயோடுதான்" என்று யாராவது சொல்லியிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

என் கவுண்டரில் நடந்தது

அசாம் போய்க்கு வருவோம். சம்பவத்துக்கு நாலைந்து மாதம் முன்பே பாட்டி என்னிடம் வந்து, "வாய் காயுதும்மா, ஏதாச்சும் மிட்டாய் இருந்தா குடு" என்றார். சர்க்கரை இல்லாத மிட்டாய் கொடுத்தேன். அது பிடிக்காமல் அசாம் போய் ஊற வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கன்னத்தில் ஒரு பக்கம் எப்போதும் புடைத்திருக்கும், நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு உப்பும் சீனியும் ஊறிய பண்டம் நாள் முழுவதும். இரண்டு மாதம் கழித்து மலச்சிக்கலுக்கு மாத்திரை கேட்டார். சென்னா கொடுத்தேன். விலை சொன்னேன், தண்ணீர் நிறையக் குடிங்க பாட்டி என்றேன்.

வாய் வறட்சி ஒரு நாள், மலச்சிக்கல் ஒரு நாள், ஒரே ஆள். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சோலிஃபெனாசின் பெயர் அன்றைக்கே வந்திருக்கும், அலர்ஜி மருந்தோடு சேர்க்காதீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பேன். இருமலுக்குக் கொடுத்த கிளினிக்குக்குத் தெரியவில்லை, சரி. எனக்குத் தெரிந்திருக்க இரண்டு வாய்ப்பு இருந்தது.

அப்புறம்

பை பழையபடி துடிக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பதே அடுத்த கேள்வி. மிராபெக்ரான் பற்றிப் பேசினார்கள். அது மஸ்கரினிக் ஏற்பியைத் தொடாது, பீட்டா3 ஏற்பியைத் தூண்டிப் பையைத் தளர்த்தும். வாயும் குடலும் அவ்வளவாகக் காயாது. ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம் என்பதால், முதலில் அழுத்தம் கட்டுக்குள் வரட்டும் என்று தள்ளி வைத்தார்கள். விலையும் ஒரு காரணம், மகன் வெளிப்படையாகவே சொன்னார்.

அதுவரைக்கும் மருந்தில்லாத வழி. ராத்திரி ஒன்பது மணித் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) சாயங்காலம் ஐந்துக்கு மாறியது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, முட்டினாலும் முட்டாவிட்டாலும் பாத்ரூம். சர்க்கரை குறைந்ததும் சிறுநீரின் அளவும் குறைந்தது. முன்பு இரவில் ஐந்தாறு தடவை எழுந்ததில் எத்தனை சிறுநீர்ப்பை செய்த வேலை, எத்தனை சர்க்கரை செய்த வேலை என்பது அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. மூன்று மாதம் கழித்து இரவில் மூன்று தடவை எழுகிறார். சோலிஃபெனாசின் நாட்களைவிட ஒன்று கூடுதல். பாட்டி அதற்குச் சம்மதம்.

போன வாரம் மருமகளோடு தானே நடந்து வந்தார். சுருக்குப் பையில் இருந்து மிச்சம் இருந்த சோலிஃபெனாசின் அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்து, "இத நீயே வச்சுக்க" என்றார். அரசு கிளினிக் புத்தகத்தையும் நீட்டினார். முதல் பக்கத்தில் மருமகளின் கையெழுத்தில், சிவப்புப் பேனாவால் மருந்துகளின் பெயர் தமிழிலேயே எழுதியிருந்தது. கடைசி வரி: இருமல் மருந்து, சளி மாத்திரை, கேட்டுத்தான். அன்றைக்குக் கன்னம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தது.